குத்தாமல் சீனி பார்க்கும் மணிக்கூடு, விரலில் குத்தும் மீற்றர், கைச் சென்சர்: எதை நம்பலாம்?

காலையில் வெறுவயிற்றில் மீற்றர் 104 (mg/dL) காட்டுகிறது, கைமணிக்கூடு 108. "சரியாத்தானே காட்டுது" என்று அன்றோடு மீற்றருக்கான ஸ்ட்ரிப் வாங்குவதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எந்நேரமும் 110 என்றே காட்டுகிற பொம்மையும் அந்த நேரத்தில் பாஸாகிவிடும். சீனி ஏறி இறங்கும்போது மணிக்கூடும் கூடவே ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் அதைச் சுருட்டிய துவாயில் கட்டிப் பாருங்கள். அப்போதும் நூற்றுச் சொச்சம் காட்டினால் மிச்சச் சோதனை வீண். தப்பினால், மருந்தை வழமைபோல எடுத்துக்கொண்டு, வெறுவயிற்றில் ஒருமுறை, பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டு 1, 2, 3 மணித்தியாலத்தில் ஒவ்வொரு முறை. மூன்று நாளில் 12 சோடி எண்கள் கிடைக்கும். மணிக்கூட்டு எண்ணை எழுதிவிட்டே விரலில் குத்துங்கள். மீற்றர் எண்ணை ஆப்பில் போட வேண்டாம். போட்டால் அதையே சற்று மாற்றித் திருப்பிச் சொல்லக்கூடும்.

அளவுகோலாக மீற்றர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197:2013ஐ எடுக்கலாம்: 100க்குக் கீழே 15 புள்ளி வரை, 100இலும் மேலும் 15 வீதம் வரை கூடிக்குறையலாம்; 95 வீதமான அளவீடுகள் இதற்குள் நிற்க வேண்டும். உதாரணத்துக்கு, சாப்பிட்டபின் மீற்றர் 214 என்றால் 182 முதல் 246 வரை சரி. மணிக்கூடு 121 என்றால் தோல்வி. அதைவிட மோசம், உண்மையில் 58 ஆக இருக்க 104 என்று காட்டுவது. இன்சுலின் போடுகிறவருக்கு அது உயிராபத்து.

மணிக்கூடு ஏன் பிழையாகக் காட்டுகிறது? அது அனுப்பி, தோலுக்குள் போய்த் திரும்பும் ஒளியில் குளுக்கோஸின் தடம் மிகச் சிறியது. தண்ணீரின் தடம் அதை மூடிவிடும். வியர்வை, தோலின் சூடு, பட்டியின் இறுக்கம் எல்லாம் எண்ணை ஆட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை உப்புவெளி வெயிலில் நடந்துவிட்டுப் பார்ப்பதைச் சொல்லவே வேண்டாம். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளுக்கோவாச்சு என்ற கைமணிக்கூடு ஒளியை நம்பவில்லை. மெல்லிய மின்னோட்டத்தால் தோலூடாகத் திரவத்தை இழுத்தது. அதற்கும் விரலில் குத்திய எண்ணைக் கொடுத்துச் சரிசெய்ய (கலிபிரேஷன்) வேண்டியிருந்தது. தானாகவே சீனி அளக்கும் எந்த ஸ்மார்ட் மணிக்கூட்டுக்கும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2024 பெப்ரவரியில் எச்சரித்தது.

மீற்றரும் குற்றமற்றதல்ல. மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் எண் எகிறும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டே குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் கடற்கரை ஈரம் அதைக் கெடுத்துவிடும். லேப்போடு ஒப்பிடுவதென்றால் வெறுவயிற்றில், ஐந்து நிமிட இடைவெளிக்குள் எடுக்க வேண்டும். சாப்பிட்டபின் விரல் இரத்தத்தில் சீனி நாள இரத்தத்தைவிடக் கூட இருக்கும். சீனி குறையாமல் தடுக்கும் புளோரைட் இல்லாத குழாயில் இரத்தம் கிடந்தால் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை சீனி குறையும்; பழியை மீற்றர் சுமக்கும்.

மேற்கையில் ஒட்டும் சென்சருக்கு மெல்லிய இழை தோலுக்குள் போகிறது. ஆகவே "குத்தாதது" அல்ல. ஆனால் உண்மையிலேயே அளக்கிறது. நல்லவற்றில் சராசரிப் பிழை 8–10 வீதமளவு. முதல் நாள் சற்றுத் தடுமாறும், அந்தக் கைப்பக்கம் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும், இரத்தத்துக்கு 5–15 நிமிடம் பிந்தியும் வரும். விலைதான் தடை. கட்டுப்படியாகுமென்றால் இன்சுலின்காரருக்கு இதுவும் மீற்றரும். மற்றவர்களுக்கு மீற்றர் மட்டும் போதும். மணிக்கூட்டில் நேரம் பாருங்கள்.

கை நடுங்கி வியர்த்தால் சீனி இறங்கியிருக்கலாம்; உடனே விரலில் குத்துங்கள். ஸ்ட்ரிப் கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் நடுக்கமும் வியர்வையும் குறைந்ததா என்று பாருங்கள்.