காரைக்குடி டிராவல்ஸ் போட்ட ஜப்பான் திட்டம்: விசா ஜோர், மற்றதெல்லாம் சுமார்

கானாடுகாத்தான் வீட்டுச் சுவரில் ஜப்பான் டைல்ஸைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, அந்த நாட்டையே பார்க்கும் ஆசை வந்து, காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று பத்து நாள் திட்டம் போட்டோம். விசா வேலை சுத்தம். ஆனால் ஏழு நாள் ஜேஆர் பாஸ், அதாவது ஜப்பானின் பெரும்பாலான ஜேஆர் ரயில்களில் எத்தனை தரம் வேண்டுமானாலும் போய்வரும் மொத்த டிக்கெட், கட்டாயம் என்று தலையில் கட்டிவிட்டார்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழி சுமார் 14,000 யென்தான், அங்கிருந்து ஒசாகா சாதாரண ரயிலில் அரை மணி நேரம். நாங்கள் ஒசாகாவிலேயே விமானம் ஏறினோம், தனித்தனி டிக்கெட்டுக்குப் பாதிக் காசுகூட ஆகியிருக்காது!

சாப்பாடுதான் பெரிய கூத்து. அப்பத்தா சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார் என்று படித்துப் படித்துச் சொல்லியும், 'சைவம்' என்று குறித்துக் கொடுத்த உடோன் நூடுல்ஸ் கடையில் சாறே தாஷி, அதாவது காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. நல்லவேளை, கியோட்டோ கோயில் பக்கம் பிக்குகளின் சைவச் சாப்பாடான ஷோஜின் ரியோரி கிடைத்தது, எள் தோஃபுவை அப்பத்தா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் ஒசாகாவில் தகோயாகி. நம் குழிப்பணியாரச் சட்டியேதான், குச்சியால் புரட்டுவதுகூட அப்படியே, உள்ளே மட்டும் ஆக்டோபஸ் துண்டு.