ஒரே பாறை, இரண்டு சட்டங்கள்: ஃபிராக்கிங்கில் பென்சில்வேனியாவும் நியூயார்க்கும்

மார்செல்லஸ் ஷேல் பாறை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்கு அடியிலும் இருக்கிறது, எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதிக்கு அடியிலும் இருக்கிறது. உள்ளே எரிவாயு. நீரும் மணலும் ரசாயனமும் கலந்து அழுத்தி, பாறையில் விரிசல் விழவைத்தால்தான் அது வெளியே வரும். இதுதான் ஃபிராக்கிங். பென்சில்வேனியா தோண்டலாம் என்றது, நியூயார்க் கூடாது என்றது. டீசல் சேர்க்காதவரை ஃபிராக்கிங்குக்கு பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் நிலத்தடி விதிகளிலிருந்து 2005-லேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டதால், மாநிலம் எழுதும் விதிதான் முக்கியம்.

பென்சில்வேனியாவின் 2012 சட்டத்தை வரிவரியாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். வீட்டிலிருந்து 500 அடி தள்ளித் துளையிடலாம். ஆனால் 2,500 அடிக்குள் இருக்கும் வீட்டுக் கிணற்றின் தண்ணீர் துளையிட்ட ஓராண்டுக்குள் கெட்டுப்போனால், கம்பெனிதான் காரணம் என்று அதே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 2,500 அடி வரை சந்தேகப்படுகிற சட்டம் 500 அடியில் எதற்காக அனுமதிக்கிறது? 2020-ல் மாநிலத்தின் கிராண்ட் ஜூரி, அதாவது குற்றங்களை விசாரிக்கப் பொதுமக்களைக் கொண்டு அமைக்கும் குழு, வீட்டுக்கும் துளைக்கும் நடுவிலான இந்த இடைவெளியை 2,500 அடியாக்கச் சொன்னது. கம்பெனிகளும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் முன்பே கெட்டிருந்தது என்று காட்ட, துளையிடும் முன்பே கிணற்றில் மாதிரி எடுத்து வைத்துக்கொள்கின்றன.

கழிவுநீர் இன்னும் பெரிய தலைவலி. உப்பும் கதிரியக்க ரேடியமும் கலந்து மேலே வரும் இந்த நீரை முதலில் ஊர்ச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே அனுப்பினார்கள். அங்கே உப்பைப் பிரிக்க வழியில்லை, அது அப்படியே ஆற்றில் கலந்தது. 2011-ல்தான் இதை நிறுத்தும்படி அரசு கேட்டுக்கொண்டது. இப்போது பெரும்பகுதியை மறுபடி பயன்படுத்துகிறார்கள், மீதியில் ஒரு பங்கு பக்கத்து மாநிலமான ஒஹையோவின் ஆழ்கிணறுகளுக்குள் போகிறது. அப்படி இறக்கிய ஒரு கிணற்றால் யங்ஸ்டவுனில் 2011 டிசம்பர் 31 அன்று ரிக்டரில் ஏறக்குறைய 4 அளவில் நிலம் அதிர்ந்தது.

சரி, நியூயார்க்? சுகாதாரத் துறை ஆய்வுக்குப் பிறகு 2014 டிசம்பரில் தடையை அறிவித்து, 2020-ல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இன்ஸ்பெக்டரும் வேண்டாம், அடிக்கணக்கும் வேண்டாம். இழப்பு எல்லையோர நிலக்காரர்களுக்கு: அந்தப் பக்கம் குத்தகைப் பணம் வருகிறது, இந்தப் பக்கம் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. எரிவாயு எரிப்பதை நியூயார்க் விடவில்லை. 2021-ல் இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையத்தை மூடியதும் எரிவாயு மின்சாரம் கூடியது. பென்சில்வேனியா வாயு குழாய் வழியே வருகிறது. புகையைப் பொறுத்தவரை தடை பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை சாதித்திருக்கிறது, அதனால் என் ஓட்டு தடைக்குத்தான். விதி எப்போதும் சேதத்துக்குப் பின்னால்தான் ஓடிவருகிறது. பென்சில்வேனியாவுக்கும் இது தெரியாமலில்லை. 2021-ல் இரு மாநிலங்களையும் தொட்டு ஓடும் டெலவேர் ஆற்றின் படுகை முழுவதும் ஃபிராக்கிங்கைத் தடை செய்யும் தீர்மானம் வந்தபோது, நியூயார்க்கோடு சேர்ந்து அதுவும் ஆதரித்தே வாக்களித்தது.