கட்டக்கோரைச் சாற்றைச் சோதிக்க எந்த எலி மாதிரி?

மண்டபம் கரையோரம் கிடைக்கும் பழுப்புக் கடற்பாசிகளான கட்டக்கோரையிலும் பக்கோடா பாசியிலும் ஃபியூகாய்டன் என்ற சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. அது கணைய அழற்சியைத் தணிக்குமா என்று பார்க்க விரும்பும் மாணவர்கள் முதலில் தடுமாறுவது மாதிரியை, அதாவது எலியில் அந்த நோயை வரவழைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான். அமினோ அமிலத்தை மிகையாக ஏற்றி எலியின் கணையத்தைச் சிதைக்கும் வழிகளை மட்டும் இங்கே ஒப்பிடுகிறோம்.

நீண்ட நாள் புழக்கத்தில் இருப்பது ஆர்ஜினின். 1984-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிய முறை: வெள்ளை எலியின் வயிற்றறைக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் ஒரே ஊசி. பலர் அதை 2.5 கிராம் வீதம் இரண்டாக்கி ஒரு மணி நேர இடைவெளியில் போடுகிறார்கள். 200 கிராம் எலிக்கு 20% கரைசலில் ஒவ்வொரு தடவையும் 2.5 மில்லி வரும். சுண்டெலிக்கு வழி வேறு: 8% கரைசல், கிலோவுக்கு 4 கிராம் வீதம் இரண்டு ஊசி.

தவறு பெரும்பாலும் தராசில்தான் தொடங்குகிறது. ஆர்ஜினினின் உப்பு வடிவமான ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு 5 கிராமில் ஆர்ஜினின் 4.1 கிராம்தான். எந்த வடிவத்தை எடைபோட்டோம் என்று எழுதாத நெறிமுறையை அப்படியே பின்பற்றினால் ஒரு கூட்டில் எலிகள் சாகும், அடுத்த கூட்டில் கணையம் அப்படியே இருக்கும். உப்பு வடிவம் அமிலத்தன்மை உள்ளது, உப்பில்லாத வடிவம் கடும் காரம். எதுவானாலும் பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, வடிகட்டி, அன்றே போட வேண்டும். 20% கரைசலின் ஊடுபரவல் அழுத்தம் இரத்தத்தைப் போல ஆறு மடங்கு. அதனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் சலைன் போதாது. கிளைசின் என்ற வேறொரு அமினோ அமிலம் ஏற்றிய குழுவும் வேண்டும். கணைய நொதியான அமைலேஸின் இரத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். அது ஊசி போட்டு 24 மணி நேரமளவில் உச்சம் தொட்டு இறங்கும். திசுச் சேதமோ 72 மணி நேரத்தில்தான் உச்சமாகும். அந்த இடைவெளியே இந்த மாதிரியின் பலம்: மருந்தைத் தாமதித்துக் கொடுத்துப் பார்க்க இடமிருக்கிறது.

ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் வேகமானது. ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வுக் குழு 2008-இல் காட்டியபடி கிலோவுக்கு 3 கிராமே கடும் அழற்சிக்குப் போதும். 4 கிராம் தாண்டினால் சில மணி நேரத்தில் எலி இறந்துவிடும். எடையில் சிறு பிசகுக்கும் இடமில்லை. அதே குழு 2011-இல் வெளியிட்ட லைசின் (இன்னொரு அமினோ அமிலம்) மாதிரிக்கு கிலோவுக்கு 2 கிராம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா முதலில் பாதிக்கப்படுவதைப் பார்க்க அது ஏற்றது, சாற்றின் பயனை அளக்க அல்ல.

கோலின் என்ற சத்தை நீக்கி, எத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்த தீவனம் பெரும்பாலும் இளம் பெண் சுண்டெலிகளில்தான் வேலை செய்யும். ஒவ்வொன்றும் தின்னும் அளவு மாறுவதால் நோயின் அளவும் மாறும். இதை எடுக்கவே வேண்டாம்.

பாசிச் சாற்றுக்கு எங்கள் தேர்வு ஆர்ஜினின், வெள்ளை எலியில். ஊசிக்கு முன்பே சாற்றைக் கொடுத்தால் எந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் நல்ல மருந்துபோலத் தெரியும். நோயாளி வருவதோ வலி தொடங்கிய பிறகு. ஆகவே ஊசி போட்டு 12 மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். சாற்றையும் வயிற்றறைக்குள் ஊசியாகப் போடாமல் வாய்வழி கொடுங்கள். இல்லாவிட்டால் ஆர்ஜினின் உறிஞ்சப்படுவதையே அது மாற்றியதா என்ற கேள்வி எழும். கட்டக்கோரையில் கடல் உப்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தே வரும். டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே உப்பு போன்ற சிறு மூலக்கூறுகளை நீக்கி), ஆர்சனிக் அளந்த பிறகே எலிக்குக் கொடுக்க வேண்டும்.

இது கடுமையாக வலிக்கும் நோய். வலிநிவாரணியையும், எடை 20% குறைந்தால் கருணைக் கொலை என்ற வரம்பையும் விலங்கு நெறிக்குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வலிநிவாரணி எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் போக வேண்டும்.