இன்னொரு 8 ஜிபியா, புது ஜோடியா, ஒற்றை 16 ஜிபியா?

என் வீட்டு டெஸ்க்டாப் 2018-இல் வாங்கியது. இன்டெல் ஐ3-8100 பிராசசர், பி360 மதர்போர்டு, 2400 வேகத்தில் ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ரேம். ரேம் செருகும் ஸ்லாட் இரண்டே இரண்டு, அதில் ஒன்று காலி. குரோமில் பதினைந்து டேப் திறந்து பக்கத்தில் எக்செல்லையும் ஓட்டினால் திணறிவிடும். சரி, 16 ஜிபி ஆக்கிவிடலாம் என்று இறங்கினால், கடைக்காரர் மூன்று வழி சொன்னார்: இருப்பதோடு இன்னொரு 8 ஜிபி, இருப்பதைத் தள்ளிவிட்டு 3200 வேகத்தில் 8+8 ஜோடி, அல்லது ஒற்றை 16 ஜிபி.

முதலில் எதெல்லாம் ஆகாது என்று பார்த்துவிடலாம். டிடிஆர்4-க்கும் அடுத்த தலைமுறையான டிடிஆர்5-க்கும் அடிவிளிம்பில் இருக்கும் தொடுமுனைகளின் (pin) எண்ணிக்கை ஒன்றுதான், 288. ஆனால் நடுவிலிருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அமுக்கினால் ஸ்லாட்தான் உடையும். லேப்டாப் ரேம் குட்டை, உட்காரவே உட்காராது. ஏமாற்றுவது சர்வர் ரேம்தான். பழைய சாமான் சந்தையில் 16 ஜிபி டிடிஆர்4 மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தியது. கணினி மட்டும் கிளம்பவில்லை. அது ரெஜிஸ்டர்டு வகை. சாதாரண டெஸ்க்டாப் பிராசசருக்கு அது ஒத்துவராது.

இப்போது 3200 ஜோடி. பெட்டியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஐ3-8100 ஏற்பது 2400 வரைதான், பி360 போர்டிலும் அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய 3200, என் கணினியில் 2400-ஆக இறங்கி ஓடும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் உலோக உறை) போட்ட 3200 சிஎல்16 ரேம்கள் (சிஎல் என்பது தாமத அளவு) அந்த வேகத்தை 1.35 வோல்ட்டில், எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பில்தான் தரும். அது இல்லாதபோது சிலவற்றின் அடிப்படை வேகம் வெறும் 2133. இருக்கும் 2400-ஐயும் அது கீழே இழுத்துவிடும். அலங்காரம் இல்லாத, 1.2 வோல்ட் சிஎல்22 ரேம் இங்கே அதைவிடப் பொருத்தம், விலையும் குறைவு.

ஒற்றை 16 ஜிபியின் குறை வேறு. 2400 ரேம் ஒன்று தனியாக நொடிக்கு 19.2 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு சேர்ந்து இரட்டை வழியில் ஓடினால் 38.4. எக்செல்லில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடினால் நன்றாகவே தெரியும், ஏனென்றால் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. பிற்பாடு இன்னொன்று போட்டு 32 ஜிபி ஆக்கப்போகிறவருக்கு மட்டும் இது நல்ல வழி.

கடைக்காரர் சொல்லாத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. பழைய 8-உடன் 16-ஐச் சேர்த்து 24 ஜிபி ஆக்கலாம். சமமில்லாத ஜோடி கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். இன்டெல் போர்டில் 8+8 இரட்டை வழியில் ஓடும், மிச்ச 8 ஒற்றை வழியில் ஓடும், அவ்வளவுதான். வீடியோ எடிட் செய்பவனாக இருந்தால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

என் கணினியில் ரைசன் 5 3600, பி450 போர்டு இருந்திருந்தால் தீர்ப்பு தலைகீழ். ஏஎம்டியின் ரைசன் பிராசசரில், அதன் பாகங்களை இணைக்கும் உள் இணைப்பின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டது, அதனால் 3200-க்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. அங்கே ஒரே பெட்டியில் வரும் ஜோடியை வாங்கி, பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். மறந்தால் 3200 வாங்கியும் வருடக்கணக்கில் 2133-இலோ 2400-இலோ ஓட்டிக்கொண்டிருப்போம். நான்கு ஸ்லாட் போர்டானால் ஜோடியைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும்.

நான் வாங்கியது அலங்காரமில்லாத 8 ஜிபி ஒன்று. 3200 என்று போட்டிருந்தது. கடையில் புதிதாக 2400 கிடைக்கவில்லை. பிராண்டும் வேறு. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டேன், காலையில் ஒரு பிழையும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, வேகம் 2400, இரண்டு ஸ்லாட்டில் இரண்டும் பயன்பாட்டில்.