மாமாவைப் பார்க்கப் போன வழி: பெரிய குரூஸா, கரையோரக் கப்பலா?

அம்மாவின் தம்பி நோர்வேயின் வடகோடியில், போட்ஸ்ஃபியூர்ட் என்ற மீன்பிடி ஊரில் இருக்கிறார். 1980களில் படிக்கவென்று நோர்வே போய், பிறகு வடக்கே மீன் ஃபக்டரிகளில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் பொடியன்களில் ஒருவர். கூட இருந்தவர்களில் பலர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். மாமா அசையவில்லை. "நடக்க ஏலும்போதே அவனை ஒருக்கால் பார்க்கவேணும்" என்று 74 வயதில் அம்மா பிடிவாதம். போவதுதான் போகிறோம், கப்பலிலேயே போவோம் என்று முடிவெடுத்தோம்.

லண்டனில் இருக்கும் எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. சவுதாம்ப்டனில் பெரிய குரூஸ் ஏறி, வடமுனை என்று சொல்லப்படும் நூர்காப் வரை போய்த் திரும்பலாம். அல்லது பேர்கனுக்குப் பறந்து, அங்கிருந்து கரையோரக் கப்பலில் வடக்கே ஏறலாம்.

குரூஸின் வசதிகளைச் சொல்லத் தேவையில்லை. வீட்டு வாசலில் காரில் ஏற்றிய பெட்டி நேரே கப்பல் அறைக்கு வந்துவிடும், சாப்பாடும் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். நான் ஏறியதில்லை, மச்சாள் போய்வந்து சொன்னதுதான். வெறும் சுற்றுலா என்றால் நானும் அதையே எடுத்திருப்பேன்.

ஆனால் எங்களுக்குப் போகவேண்டியது மாமா வீட்டுக்கு. குரூஸ் நூர்காப்புக்குப் பக்கத்துத் துறைமுகமான ஹொனிங்ஸ்வோகில் ஒரு பகல்தான் நிற்கும். அங்கிருந்து மாமா வீட்டுக்கு மலைப்பாதையில் சுற்றிச் சுற்றிப் போனால் அந்தப் பகலே காணாது. மாமாதான் காரை எடுத்துக்கொண்டு வரவேண்டும். துறைமுகத்தில் ஒரு கோப்பி குடித்து, படம் எடுத்து, "சரி, போட்டு வாறம்" என்று திரும்பிவிடுவதா? முப்பது வருடம் காணாத தம்பி!

கரையோரக் கப்பல் அடிப்படையில் ஒரு பஸ். 1893இல் தபாலும் சாமானும் ஆட்களும் ஏற்றத் தொடங்கிய சேவை. இன்று ஹூர்டிருட்டன், ஹவிலா என்று இரண்டு கம்பனிகள் ஓட்டுகின்றன. பேர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைகள், நாளுக்கு ஒரு கப்பல். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கும் டிக்கெட் எடுக்கலாம். போட்ஸ்ஃபியூர்டும் அதில் ஒன்று. எங்கள் முடிவு அந்த ஒரு வரியோடு முடிந்தது.

பேர்கனில் இரவு ஏறினால் ஐந்து நாள். நேரம் இல்லாதவர்கள் ட்ரொம்சோவரை பறந்து அங்கே ஏறினால் ஒன்றரை நாள்கூட ஆகாது. ஆனால் வழியில் வரும் லொஃபோட்டன் தீவுகள் தவறிவிடும். அங்கே மரச்சட்டங்களில் கொட் மீன் வரிசையாகத் தொங்கிக் காய்வதைப் பார்த்த அம்மா, மூக்கை உறிஞ்சி, "பருத்தித்துறை வாடி மாதிரியே" என்றா.

குறைகள் உண்டு. இப்படித் துறைக்குத் துறை எடுக்கும் டிக்கெட்டில் சாப்பாட்டுக்குத் தனிக்காசு, அதுவும் நோர்வே விலை. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளுக்கான செலவு குரூஸைவிடக் கூடத்தான். விடிய மூன்று மணிக்கும் ஏதோ ஒரு துறையில் சாமான் இறக்கும் சத்தம் கேட்கும். ஹொனிங்ஸ்வோக் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கியது. அம்மா எலுமிச்சம்பழத்தை மணந்துகொண்டு படுத்துவிட்டா. இந்த இடத்தில் பெரிய கப்பல் மேல் என்றே நினைக்கிறேன்.

வடக்கே போகும் கப்பல் போட்ஸ்ஃபியூர்டைத் தொடுவது நள்ளிரவை ஒட்டி. நாங்கள் போனது ஜூனில் என்பதால் சூரியன் மறையவே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் பலகைகளை இறக்கிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் தடித்த ஜக்கெட்டோடு மாமா. படி இறங்கமுன்பே "அக்கா!" என்று கூப்பிட்டார். அம்மா முதலில் கேட்டது, "ஏன்ரா இப்பிடி மெலிஞ்சுபோனாய்?"

ஐந்து நாள் தங்கினோம். குளிர்காலத்தில் இதே யோசனை சரிவருமோ என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. புயல் நாளில் கப்பல் துறைக்குள் வராமலே போய்விடுவதும் உண்டு என்று மாமா சொன்னார். திரும்பும்போது அம்மா கப்பலுக்குச் சம்மதிக்கவில்லை. ஊரிலேயே சின்ன விமான நிலையம் இருக்கிறது. மாமா பொதி செய்து தந்த உறைமீனோடு அங்கே போய் ஏறினோம்.