கிளைபோசேட் களைக்கொல்லி: குட்டை ஓரத்துக்கு வேண்டவே வேண்டாம்

வரப்புப் புல்லைக் காயவைப்பதில் இந்த மருந்தைக் குறை சொல்ல முடியாது, அருகம்புல்கூட வேரோடு போய்விடும். ஆனால் பண்ணைக்குட்டை பக்கத்தில் அடித்தால் தலைப்பிரட்டைகளுக்கு ஆபத்து. கிளைபோசேட்டைவிட, மருந்து இலையில் பரவி ஒட்டுவதற்காகப் பல தயாரிப்புகளில் கலக்கும் பி.ஓ.ஈ.ஏ. என்ற பொருள்தான் அவற்றுக்கு அதிக நஞ்சு, செவுளைத் தாக்கிவிடுகிறது. கடையில் கேட்டால் "மண்ணில் பட்டதும் வீரியம் போய்விடும்" என்பார்கள். சரி, 2005இல் அமெரிக்க ஆய்வாளர் ரிக் ரெலியா தொட்டிகளில் மண்ணும் போட்டுத்தான் சோதித்தார், மூன்று வாரத்தில் தலைப்பிரட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே செத்தன! மழைக்காலத்தில் தவளை முட்டையிடும் நேரமும் நாம் களைக்கு மருந்தடிக்கும் நேரமும் ஒன்றாக வருவதுதான் எனக்குப் பெரிய கவலை. குட்டையைச் சுற்றி அரிவாளால் அறுத்துவிடுங்கள், ஆட்டுக்கும் தீவனமாகும். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்.