மொட்டை மாடி ஷெட்: ஃபெஞ்சலைத் தாங்கியது, தானேயைத் தாங்குமா?

கடலூரில் மொட்டை மாடியில் தகர ஷெட் இல்லாத வீடு இப்போது குறைவு. துணி காயப்போட, வடகம் பிழிய, பேரப்பிள்ளைகள் விளையாட என்று ஆளுக்கொரு காரணம். என் வீட்டு ஷெட்டைப் போட்டது முதுநகர் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் அளவெடுப்பார், தம்பி வெல்டிங் வைப்பார். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டு உறுதி, பெயின்ட் மோசம், சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள். இருந்தாலும் இன்னொரு ஷெட் போடுவதென்றால் இவர்களிடம்தான் போவேன்.

எங்கள் ஊரில் ஷெட்டைப் பற்றிப் பேசினால் பேச்சு தானே புயலில் வந்துதான் நிற்கும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரையேறியபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயல் அது. அப்போது எங்கள் மாடியில் வேறொருவர் போட்ட ஷெட் இருந்தது. அது பின்தெருவில் போய் விழுந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றிருக்கவில்லை. கம்பமும் அதன் அடியில் போல்ட் போடும் பேஸ் பிளேட்டுமாக, முழு ஷெட்டும் காலோடு கிளம்பியிருந்தது. போல்ட் இறங்கியிருந்ததெல்லாம் மாடியின் தட்டு ஓட்டிலும் அதற்குக் கீழே இருக்கும் சுருக்கி என்ற சுண்ணாம்பு, செங்கல் தூள் பூச்சிலும்தான். கான்கிரீட்டை அது தொடவே இல்லை. கீழே யாரும் நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

பணி ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் ஷெட் என்று பேச்சு வந்தபோது சில பேரிடம் ரேட் கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும் "என்ன கலர் வேணும்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். இந்த அண்ணன் மட்டும் மாடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு, "டீச்சரம்மா, பில்லர் எங்கெங்க வருது?" என்று கேட்டார். வீட்டு பிளானை எடுத்துக் காட்டினேன். பில்லருக்கும் பீமுக்கும் மேலேதான் ஷெட் கால் நிற்கும், இடம் இரண்டடி தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றார். அந்த இடங்களில் தட்டு ஓடுகளையும் சுருக்கியையும் கொத்தி எடுத்து, கான்கிரீட்டிலேயே துளை போட்டு, கெமிக்கல் ஆங்கர் என்ற இறுகும் பசையை வைத்துக் கம்பியை இறக்கினார்கள். அப்புறம் மாடித் தளத்தில் நீர் இறங்காதபடி சுற்றிப் பூசினார்கள். வேலையின் பாதி நேரம் இதற்கே போனது. பார்க்கிறவர்களுக்கு இது எதுவுமே தெரியாது, ரேட் மட்டும்தான் தெரியும்.

நான் இயற்பியல் டீச்சர். அதனால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 தரும் சூத்திரத்தில், நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் உள்ள வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 140 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 39 மீட்டர். விடை சுமார் 900 நியூட்டன், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். நாம் போடுகிற 0.47 மி.மீ. கலர் ஷீட் ஒரு சதுர மீட்டர் ஐந்து கிலோகூட வராது. ஆக, ஷீட்டின் சொந்த எடை புயலில் எதற்கும் உதவாது. "கனமா போட்டுடலாம் மேடம், அசையாது" என்று ஒருவர் சொன்னார். அவரை அப்போதே அனுப்பிவிட்டேன்.

காற்று கூரையை மேலே உறிஞ்சி இழுக்கும். அந்த இழுப்பு கூரை முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பது அடுத்த விஷயம். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம். முதலில் கிளம்புவதும் அங்கேதான். தரநிலையும் அந்த இடங்களுக்குத் தனியாகக் கூடுதல் கணக்குச் சொல்கிறது. இந்தப் பட்டறைக்காரர்கள் தரநிலையைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் தானேயில் எது எது எப்படிப் பறந்தது என்று வீடு வீடாகப் பார்த்தவர்கள். நடுவில் குறுக்குச் சட்டங்களை நாலரை அடிக்கு ஒன்று வைத்தார்கள், ஓரத்தில் மட்டும் இரண்டடிக்கு ஒன்று. ஓரத்தில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. ஷீட் சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு சாணுக்கு மேல் இல்லை. சாரல் அடிக்குமே, இன்னும் இரண்டடி இழுத்து விடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். "சார், நனைஞ்சா துடைச்சுக்கலாம்" என்றார் அண்ணன்.

ஸ்க்ரூவுக்குக் கீழே ரப்பர் வாஷரோடு அகலமான ஒரு இரும்பு வாஷரும் போட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் நினைவுக்கு வந்தது. 1974-இல் கிறிஸ்துமஸ் அன்று ட்ரேசி என்ற புயல் அந்த ஊரை ஏறக்குறைய துடைத்துப் போட்டுவிட்டது. அங்கே கூரைகளில் ஸ்க்ரூ உறுதியாகத்தான் இருந்தது. மெல்லிய தகடுதான் காற்றில் திரும்பத் திரும்ப மேலும் கீழும் அசைந்து, ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விட்டுக் கிழிந்தது. ஒரே இழுப்பைத் தாங்கினால் போதாது, ஆயிரக்கணக்கான முறை ஆட்டினாலும் தாங்க வேண்டும் என்ற சோதனை முறை அதற்குப் பிறகுதான் அங்கே வந்தது. அகல வாஷர் அந்த இழுப்பைப் பரவலாக வாங்கிக்கொள்கிறது. விலை சொற்பம். போடச் சொல்லிக் கேளுங்கள்.

மேற்கு வெயிலுக்காக அந்தப் பக்கத்தை ஷீட் போட்டு அடைத்துவிடலாம் என்றாள் மருமகள். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சரிதான். ஒரு பக்கம் மூடி மற்ற பக்கங்கள் திறந்திருந்தால் எதிரே நுழைகிற காற்று உள்ளே மாட்டிக்கொண்டு கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலே உறிஞ்சல் வேறு. பச்சை வலை கட்டிக்கொண்டு, புயல் என்றால் அவிழ்த்துவிடுங்கள் என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் புயல் காற்று கடல் பக்கமிருந்துதான் வரும் என்று நினைக்கிறார்கள். புயல் நமக்கு வடக்கே கரை கடந்தால் முதலில் வடமேற்குக் காற்று, பிறகு மேற்கு, கடைசியில் தென்மேற்கு. தெற்கே கடந்தால்தான் கடல்காற்று. எந்தத் திசைக்கும் தயாராகத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

சோதனை 2024 நவம்பர் 30 இரவு வந்தது. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. எங்கள் ஷெட் இரவு முழுக்கத் தடதடத்தது, தூங்க முடியவில்லை. காலையில் ஒரு ஸ்க்ரூகூட நகரவில்லை. படிக்கட்டு அறைச் சுவரோடு ஷீட் சேரும் இடத்தில் மட்டும் ஒழுகி, படியெல்லாம் தண்ணீர்.

இதைக் காட்டி "புயல் தாங்கும் ஷெட்" என்று நான் சான்றிதழ் தரமாட்டேன். ஃபெஞ்சலின் வேகம் உச்சத்தில் 90 கி.மீ. வரைதான். வர்க்கக் கணக்கில் பார்த்தால் அது தானேயின் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. ஷெட் காலாண்டுத் தேர்வில் பாஸ், அவ்வளவுதான். ஆனால் கால் இறங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தவள் என்ற முறையில், பழைய ஷெட் மாதிரி இது முழுசாகக் கிளம்பாது என்று நம்புகிறேன்.

இனி குறைகள். வெல்டிங் வைத்த இடங்களில் கசடைத் தட்டிச் சுத்தம் செய்யாமலே ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துருப் பிடித்தது. கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் அது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை, உறுதியான கட்டும் துருவில்தான் போகும். துளை போட்டபோது விழுந்த இரும்புத் தூளைக் கூட்டாமல் போனதால் புது ஷீட்டில் அங்கங்கே செம்புள்ளி. சொல்லிச் சொல்லி, தம்பி வந்து தேய்த்து மறுபடி பெயின்ட் அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒழுகும் இடத்தை இரண்டாம் முறை அடைத்த பிறகுதான் நின்றது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்கள்.

எவ்வளவு நல்ல ஷெட்டாக இருந்தாலும் புயல் நேரத்தில் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. எச்சரிக்கை வந்ததும் நாங்கள் வலையை அவிழ்த்து, பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, உடைந்த ஓடு எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய்விடுவோம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி மூடியைக் கம்பியால் கட்டுவோம். மாடிக்குப் போகும் லைட் லைனுக்குத் தனி சுவிட்ச் உண்டு, அதை அணைத்துவிடுவோம். காற்று திடீரென்று அடங்கினால் ஷெட்டைப் பார்க்கிறேன் என்று மாடிப்படி ஏறாதீர்கள். புயலின் நடுப்பகுதி நம் தலைக்கு மேல் இருந்தால் அப்படித்தான் அடங்கும், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். முடிந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்லட்டும்.

சதுர அடிக்கு மற்றவர்களைவிட இவர்கள் ரேட் கூடத்தான். கூடுதல் முழுக்க ஆங்கருக்கும் ஓரச் சட்டத்துக்கும் போகிறது, அதில் பேரம் பேசாதீர்கள். கலரில் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கிற நாளில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். வேலை கொடுப்பதானால் ஆடிக்குள் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அண்ணன் போனை எடுப்பதில்லை.